கேட்டுக்குப் பக்கத்துல ரூம் போட்டா போதுமா?

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் நம்ம ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன், தட்டில் சாம்பார் ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் மொபைலை நோண்டிக்கொண்டிருந்தான். என்னப்பா விஷயம் என்றேன்.

"ஊர்லேருந்து பதினாலு பேர் வர்றாங்கண்ணே. பசங்க எல்லாம் வொண்டர்லா போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கேட்டுக்கு ரொம்பப் பக்கத்துல எந்த ரிசார்ட்டுன்னு பாத்துட்டிருக்கேன்."

எனக்குச் சுரீர் என்றது. 2025 மே மாசம் இதே கேள்வியோடு இதே மாதிரி மொபைலை நோண்டியவன் நான். அதனால் அனுபவஸ்தன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்தக் கேள்வியே தப்பு. வெளியூரில் வந்து பொட்டி தட்டும் நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறோம். காசையும் கொட்டிவிட்டு, வந்தவர்களையும் நோகடித்துவிட்டு, "எவ்வளவு சவுகரியமா ஏற்பாடு பண்ணியிருந்தேன் தெரியுமா" என்று பெருமை வேறு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நாங்கள் மொத்தம் 19 பேர். இங்கே பெங்களூரில் நான், தங்கமணி, வாண்டுகள் இரண்டு. கோவில்பட்டியிலிருந்து அப்பா, அம்மா, ஆச்சி, பெரியம்மா, அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு, அக்கா, அத்தான், அவர்கள் பிள்ளைகள் மூன்று, சித்தப்பா, சித்தி. பதினைந்து பேரும் மைசூர் எக்ஸ்பிரஸில் காலையில் மெஜஸ்டிக்கில் வந்து இறங்குவதாக ஏற்பாடு.

எங்கள் வீடு ஒயிட்ஃபீல்டு பக்கம். ரெண்டு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம், கோடை வந்தால் தண்ணீர் லாரி. 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குப் பட்ட பாட்டை ஊர் உலகமே பார்த்தது. பூங்கா இருப்பதோ பிடதிக்குப் பக்கத்தில், மைசூர் ரோட்டில், ஊரின் நேர் எதிர்க் கடைசியில். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், மறுபடி ஊரைக் குறுக்கே தாண்டி... எதுக்கு இந்த அலைச்சல்? நேரா அங்கேயே ரூம் போட்டுடலாம்" என்று நானே முடிவு செய்தேன். பூங்காவின் சொந்த விடுதியில் 84 அறைகள் உண்டு. நாங்கள் தங்கியது அதில் இல்லை. அந்தப் பக்கமே இருந்த வேறு ஒரு தனியார் ரிசார்ட். பெயர் வேண்டாம். தப்பில் பெரும்பங்கு என்னுடையது.

புக்கிங் பக்கத்தைத் திறந்தவுடனே முதல் அடி. ஒரு அறைக்கு இரண்டு பெரியவர், ஒரு குழந்தை. கூடுதல் மெத்தைக்குக் கூடுதல் காசு. பத்தொன்பது பேரை அந்தக் கணக்கில் அடைத்து அடைத்துப் பார்த்தேன். ஏழு அறை வந்தது. ஆச்சியும் பெரியம்மாவும் ஒரு அறை. அப்பா அம்மா ஒரு அறை. அக்கா குடும்பத்துக்கு ரெண்டு. இப்படியே போனது. தரைத்தளத்தில் மூன்று, இரண்டாம் மாடியில் நான்கு. அப்போது அது எனக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. கேட்டிலிருந்து ஐந்தே நிமிஷம் என்று போட்டிருந்தார்களே, அது போதாதா!

ரயில் காலையில் வந்தது. டெம்போ டிராவலரில் எல்லோரும் ஏறி, பிடதியில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கு ரிசார்ட் வாசலில் நின்றோம். "செக்-இன் ரெண்டு மணிக்குத்தான் சார்." பூங்கா திறப்பது 11 மணிக்கு. ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவர்கள் குளிக்கக்கூட இடமில்லை. மூட்டை முடிச்சை எல்லாம் வரவேற்பு அறை ஓரத்தில் குவித்துவிட்டு, பிள்ளைகள் தொல்லை தாங்காமல் பூங்காவுக்குக் கிளம்பினோம். ஆச்சிக்கு 81 வயசு. பெரியம்மாவுக்கு மூட்டுவலி. "நாங்க இங்கனயே இருக்கோம், நீங்க போயிட்டு வாங்க" என்றார்கள். ரெண்டு பேரும் பைகளுக்குக் காவலாக அந்த சோபாவில் ரெண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தொன்பது பேரில் எத்தனை பேர் ரைடு பக்கமே போகவில்லை தெரியுமா? எட்டுப் பேர். ஆச்சி, பெரியம்மா, அப்பா, பிரஷர் மாத்திரை சாப்பிடும் அம்மா, தலைசுற்றும் என்று பயந்த சித்தப்பாவும் சித்தியும், ரெண்டு வயசுக் கைக்குழந்தை, அதைத் தூக்கிக்கொண்டு நின்ற அக்கா. அறுபதுக்கும் மேல் ரைடு இருக்கிறது என்று நான் படம் காட்டியதெல்லாம் மீதிப் பதினொரு பேருக்குத்தான். கேட்டுக்குப் பக்கம் என்று நான் போட்ட அறையும் அந்தப் பதினொரு பேருக்குத்தான். அவர்களோ காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வருகிறவர்கள். அவர்களுக்கு அறை எங்கே இருந்தால் என்ன?

இங்கேதான் நம் கணக்கு தலைகீழாகிறது. ரைடில் ஏறுகிறவனுக்கு அறை என்பது ராத்திரி கட்டையைச் சாய்க்கிற இடம். ஏறாதவருக்கு நாள் முழுக்க அதுதான் உலகம். அப்படியென்றால் யாரைக் கேட்டு இடம் பார்க்க வேண்டும்? நாம் யாரைக் கேட்டுப் பார்க்கிறோம்?

சாயங்காலம் திரும்பினோம். தண்ணீர் ரைடில் ஊறிய பதினொரு பேரின் ஈரத்துணி. காயப்போட ஒரு கொடி இல்லை. சித்தி சும்மா இருப்பாரா? பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்து பால்கனியில் கட்டிவிட்டார். பத்தாவது நிமிஷம் ஒருவர் வந்து, "வெளியே தெரியக்கூடாது மேடம்" என்று அவிழ்க்கச் சொல்லிவிட்டார். ஈரத்துணி எல்லாம் நாற்காலி முதுகிலும் கதவுக் கைப்பிடியிலும் தொங்கியது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் அண்ணன் அறையில் கூடினோம். கட்டிலில் ஆறு பேர், தரையில் எட்டுப் பேர், மீதி வாசல்படியில். அம்மா கொண்டுவந்த சீவலும் கடலைமிட்டாயும் கைமாறிக்கொண்டிருந்தது. சித்தப்பா பழைய கல்யாணக் கதை ஒன்றை ஆரம்பித்தார். கதை பாதிகூட வரவில்லை, போன் அடித்தது. "சார், பக்கத்து ரூம்ல கம்ப்ளெயிண்ட். ஒரே ரூம்ல இத்தனை பேர் இருக்கக்கூடாது." அவர் வேலையை அவர் செய்தார், குறை சொல்ல முடியாது. ஒன்பதரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சேர்கிற குடும்பம், ஏழு கதவுக்குப் பின்னால் ஏழாகப் போய்ப் படுத்தது.

பதினோரு மணிக்கு அம்மா மனசு கேட்காமல் ஆச்சி அறைக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே கும்மிருட்டு. ஃபேன் இல்லை, ஏசி இல்லை. ரெண்டு கிழவிகளும் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் என்னவென்றால், கதவைத் திறக்கிற அந்த அட்டையை உள்ளே சுவரில் ஒரு பொந்தில் செருகி வைத்தால்தான் கரண்டு வரும். அட்டை தொலைந்துவிடுமே என்று ஆச்சி அதை எடுத்துச் சுருக்குப்பையில் பத்திரமாக வைத்துவிட்டார். பெரியம்மாவுக்கும் அது தெரியாது. போன் பண்ணவும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம்!

"கரண்டு போயிருச்சுன்னு நெனச்சேன்யா. நீங்கள்லாம் அலைஞ்சு அசந்து தூங்குவீக, எதுக்கு எழுப்பணும்னு இருந்துட்டோம்."

இதை ஆச்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த "கேட்டுக்குப் பக்கம்" என்கிற பித்து எங்கிருந்து வந்தது? வொண்டர்லா பெங்களூரில் திறந்தது 2005-ல். (அதற்கு முன் 2000-ல் கொச்சியில் வீகாலேண்டு என்ற பெயரில் தொடங்கியது.) அந்தக் காலத்தில் கெங்கேரி தாண்டி பிடதி போய்ச் சேர்வது ஒரு தவம். அப்போது பக்கத்தில் தங்குவதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று? பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ்வே 2023 மார்ச்சில் திறந்தாகிவிட்டது. மெட்ரோ ஊதா லைன் 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டில் ஏறினால் மைசூர் ரோட்டில் சல்லகட்டா வரை 43 கிலோமீட்டர் ஒரே ரயிலாகப் போகிறது.

அதுமட்டுமில்லை. பத்தொன்பது பேர் கும்பல் எப்படியும் நடந்து போகப்போவதில்லை. ஒரு டெம்போ டிராவலர் நாள் வாடகைக்கு எடுத்தே ஆகவேண்டும். வண்டி எடுத்த பிறகு அரை கிலோமீட்டரா பதினைந்து கிலோமீட்டரா என்பதில் என்ன பெரிய வித்தியாசம்? காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க, மீதி நேரம் முழுக்கக் குடும்பத்தை ஏழு துண்டாக வெட்டினேன் நான்.

ஓட்டல்காரர்களையும் விடுவதாக இல்லை. அவர்கள் கணக்கில் குடும்பம் என்றால் அப்பன், ஆத்தா, ஒன்று அல்லது ரெண்டு பிள்ளை. இது இந்த ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. ஆர்லாண்டோ டிஸ்னியில் "ஃபேமிலி சூட்" என்று பெரிதாகச் சொல்வார்களே, அது ஆறு பேருக்கு. பன்னிரண்டு பேர் தங்கும் வில்லாக்களும் அங்கே உண்டு, விலையைக் கேட்டால் அமெரிக்காவில் சம்பாதிக்கிற நம்மாட்களுக்கே நெஞ்சு அடைக்கும். மலேசியாவில் கெந்திங் மலைமேல் இருக்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஓட்டலில் 7,351 அறைகள், கின்னஸ் சாதனை. அறை எண்ணிக்கை கூடக் கூட, எல்லோரும் உட்கார ஒரு கூடம் வந்துவிடுமா என்ன?

கும்பலாகப் பயணம் போகிறவர்கள் நாம் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. இதே பெங்களூரில், மெஜஸ்டிக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது குப்பி தோட்டதப்பா சத்திரம். காசியில் நகரத்தார் சத்திரம். சத்திரம் என்றால் என்ன? ஒரு பெரிய கூடம், பாயை விரித்துப் படுக்க இடம், துணி காயப்போட முற்றம், பந்திக்கு ஒரு தாழ்வாரம். ராமோஜி ஃபிலிம் சிட்டியில் சிதாரா, தாரா என்ற ஓட்டல்களோடு, கூட்டமாக வருகிறவர்களுக்கு சஹாரா என்று டார்மிட்டரி மாதிரி ஒரு இடமும் வைத்திருக்கிறார்கள். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. நாம் கேட்பதில்லை, அவர்கள் கட்டுவதில்லை.

வரிக்கணக்கும் நம் பக்கம் இல்லை. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்னால் 12 இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18. இது தலைக்கு இல்லை, தங்கும் அலகுக்கு. 5,000 ரூபாயில் நாலு அறை எடுத்தால் 20,000-க்கு வரி 1,000 ரூபாய். அதே 20,000-க்கு நாலு பெட்ரூம் வில்லா ஒன்றை ஒரே அலகாக எடுத்தால் 3,600 ரூபாய். தலைக்கு ஆகிற வாடகை ரெண்டிலும் ஒன்றுதான். ஒரே கூரையில் படுத்த குற்றத்துக்கு 2,600 ரூபாய் அபராதம்! பேரம் பேசும்போது வரியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த இடத்தில் தங்கமணியின் ஆட்சேபணையைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடையாது :-)

"கூடம், முற்றம்னு நல்லாத்தான் இருக்கு. வில்லான்னு எடுத்தா கிச்சன் இருக்கும். கிச்சன் இருந்தா காலையில அஞ்சு மணிக்கு யாரு எந்திரிச்சு பத்தொன்பது காபி போடுவா? நீங்களா? ரூம் எடுத்தாலாவது ரெண்டு நாள் நானும் மதினியும் காலை நீட்டி உக்காந்திருப்போம்."

யோசித்துப் பார்த்தால் நூற்றுக்கு நூறு உண்மை. சத்திரத்தின் அருமை பெருமை எல்லாம் பேசுகிற ஆம்பளைகள், அந்தச் சத்திரத்தின் அடுப்படியில் யார் வெந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அதே மாதிரி, புதுசாகக் கல்யாணம் ஆன மருமகளைக் கூடத்தில் பாய் போட்டுப் படு என்று சொல்வதும் அநியாயம். ஆகவே பழைய சத்திரத்துக்கே திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. படுக்கத் தனி அறை வேண்டும், உட்காரப் பொதுக் கூடம் வேண்டும், சமையல் வெளியிலிருந்து வரவேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது எல்லோருக்கும் சவுகரியம். ஒன்று குறைந்தாலும் வீட்டில் யாரோ ஒருவர் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"சென்னைப் பக்கமே திருப்போரூர்கிட்ட வொண்டர்லா வந்தாச்சே, இனிமே அவங்க ஏன் பெங்களூர் வரணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். 2025 டிசம்பரில் அங்கே திறந்துவிட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பதினைந்து பேரும் பூங்காவைப் பார்க்கவா ராத்திரி முழுக்க ரயிலில் வந்தார்கள்? அது பிள்ளைகளுக்குக் காட்டிய மிட்டாய். பெரியவர்கள் வந்தது நம்மைப் பார்க்க. இதை மறந்துவிட்டு அறை தேடுவதால்தான் இவ்வளவும்.

சரிப்பா, என்னதான் செய்ய என்கிறீர்களா? அந்தக் கேன்டீன் பையனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்:

1. ரைடில் ஏறாதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். இடத்தை அவர்களுக்காகப் பாருங்கள். நிழல், நடக்க இடம், வெஸ்டர்ன் டாய்லெட், படி ஏறாத அறை.

2. எல்லோரும் ராத்திரி பத்தரை வரை உட்கார்ந்து பேச ஒரு கூடமோ, மொட்டை மாடியோ உண்டா? "ரூம்லயே உக்காந்துக்கலாம் சார்" என்றால் அது பதிலே இல்லை.

3. காலை ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு அறையாவது எட்டு மணிக்குக் கிடைக்குமா? முழு நாள் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். பல் தேய்க்க, குளிக்க, பை வைக்க அது போதும். கிளம்பும் நாளும் அதே மாதிரி ஒரு அறையைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

4. துணி காயப்போட இடம். சிரிக்காதீர்கள், பட்டவனுக்குத்தான் தெரியும்.

5. வயசானவர்களைத் தனி அறையில் போடாதீர்கள். அவர்களோடு பேரனோ பேத்தியோ ஒருவர் படுக்கட்டும். அட்டையைச் செருகுவது, ஏசியைக் குறைப்பது, வெந்நீர்க் குழாய் எது என்பதை எல்லாம் முதல் பத்து நிமிஷத்திலேயே காட்டிக்கொடுங்கள்.

6. அடுப்படி இருந்தால், அதைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காபி பிளாஸ்கில் வரட்டும். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வரட்டும்.

ஏழாவதாக இன்னொன்று. இதைச் சொல்லத்தான் மேலே இவ்வளவும் எழுதினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அறைகளைக் காலிசெய்துவிட்டு, சென்னப்பட்டணம் போய்ப் பிள்ளைகளுக்கு மரப்பொம்மை வாங்கி, சுற்றிக்கொண்டு நேரே மெஜஸ்டிக் வந்தோம். ராத்திரி வண்டி. எல்லோரையும் ஏற்றி, பைகளைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆச்சி தன் காலடியில் இருந்த ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். முறுக்கு. மூடியைத் துணி போட்டுக் கட்டியிருந்தார்.

"ஒன் வீட்டுக்கு வந்து, ஒன் அடுப்படியில வச்சுட்டு வரணும்னு எடுத்தாந்தேன்யா. நீயே கொண்டு போயிரு. வீட்டத்தான் பாக்கவே இல்ல. சின்ன வீடுன்னாத்தான் என்ன, நாங்க என்ன அரமனையிலயா இருக்கோம்?"

கோவில்பட்டியிலிருந்து பெங்களூர் வரை வந்த ஆச்சிக்கு, பேரன் வாங்கிய வீட்டைக் காட்டாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காரணம் கேட்டால், அலைச்சல் மிச்சமாம்.

ஆகவே ஏழாவது: முதல் நாள் காலையில் ரயிலைவிட்டு இறங்கியதும், எவ்வளவு தூரமானாலும், எல்லோரையும் முதலில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்தொன்பது பேர் நிற்க இடம் இல்லையென்றால் வராண்டாவில் நிற்கட்டும். ஒரு டம்ளர் காபி கொடுங்கள், கடையில் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. பூங்கா மறுநாளும் 11 மணிக்குத் திறக்கும்.

கேன்டீன் பையன் இதை எல்லாம் கேட்டுவிட்டு மொபைலைக் கீழே வைத்தான். "அப்போ எங்க ஆத்தாவுக்குப் படி ஏற முடியாது, அதை முதல்ல பாக்கணும்ணே" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது.